டோட்டா 2 புதியவருக்கு: பாட் ஆட்டமா, நம் பார்ட்டியா, பக்கத்தில் ஒரு பார்வையாளரா?

ஐந்து ஐந்து பேராக இரு அணிகள் மோதும் கணினி ஆட்டமான டோட்டா 2 ஓரளவு ஆடத் தெரிந்த எல்லோரிடமும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி வந்து நிற்கும். நண்பரோ, தம்பியோ, உடன் வேலை பார்ப்பவரோ ஆட்டத்தை இறக்கி வைத்துவிட்டு "எனக்கும் சொல்லிக்கொடு" என்கிறார். உற்சாகமாகச் சரி என்றுவிடுகிறோம். அடுத்த நிமிடமே குழப்பம் தொடங்குகிறது. பாட்களோடு (கணினி ஓட்டும் எதிராளிகளோடு) ஆடவிடுவதா, நம் பார்ட்டியில் (ஒன்றாகச் சேர்ந்து ஆடும் நண்பர் குழுவில்) சேர்த்துக்கொண்டு நேரே பொது ஆட்டத்துக்குப் போவதா, முதலில் நாலு வீடியோ பார்த்துவிட்டு வரச் சொல்வதா?

இந்தத் தேர்வு முக்கியமானது. டோட்டா 2 2013 ஜூலையில் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. அன்றிலிருந்து கூடிக்கொண்டே வந்த சிக்கல் முழுவதும் புதியவரின் முன்னால் ஒரே நாளில் கொட்டப்படுகிறது: 120-க்கும் மேற்பட்ட ஹீரோக்கள் (நாம் எடுத்து ஆடும் பாத்திரங்கள்), ஒவ்வொருவருக்கும் தனித்தனித் திறன்கள், கடை நிறையப் பொருள்கள். ஓர் ஆட்டம் 40 நிமிடம் போவது சாதாரணம். மூன்றாவது நிமிடத்தில் செய்த பிழையின் விளைவு இருபத்தைந்தாவது நிமிடத்தில்தான் தெரியவரும். தனியாக ஆடும் ஆட்டத்தில் தோற்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம், யாருக்கும் நட்டமில்லை. இங்கே நாம் ஒருமுறை செத்தாலும் கூட ஆடும் நால்வருக்கு அது பாதிப்பு. புதியவர் தனியாகத் தோற்க இடமே இல்லாத ஆட்டம் இது. கற்பிக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்.

என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோர் தேர்ந்தெடுப்பது நம் பார்ட்டியில் சேர்த்துக்கொண்டு பொது ஆட்டத்துக்கு அழைத்துப்போவதைத்தான். தொடக்கத்துக்கு அதைவிட மோசமான வழி இல்லை. மிகச் சிலரே செய்வது, தான் ஆடாமல் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பது. அதுதான் மிகச் சிறந்தது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு முதலில் அளவுகோல்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முடிவு யார் கையில்? இந்த ஆட்டத்தில் கற்க வேண்டிய முதன்மையான விஷயம் முடிவெடுப்பது. இப்போது க்ரீப் (தானாக நடந்துவரும் சிறு படைவீரர்) அடிப்பதா, பின்வாங்குவதா, டெலிபோர்ட் செய்து (நொடியில் இடம் தாவி) அடுத்த லேனுக்கு (படைகள் மோதும் பாதைக்கு) உதவப் போவதா? இவற்றை அவருக்காக வேறொருவர் தீர்மானித்துக்கொண்டே இருந்தால், நூறு ஆட்டம் போனாலும் விரல்கள்தான் பழகும். மற்ற எல்லா அளவுகோலையும்விட இதற்கே நான் அதிக எடை தருகிறேன்.

ஏன் செத்தோம் என்று தெரிகிறதா? புதியவர் நிறையச் சாவார். அதில் தவறில்லை. எது கொன்றது என்று புரிந்து செத்தால் பாடம், புரியாமல் செத்தால் வெறும் எரிச்சல்.

எதிரில் நிற்பவர் யார்? சற்றே மேலான எதிராளியிடம் தோற்றுக் கற்கலாம். பல மடங்கு மேலானவரிடம் தோற்கும்போது என்ன நடந்தது என்பதே கண்ணில் படாது.

மற்றவர்களுக்கு என்ன செலவு? முன்பின் தெரியாதவர்களின் நேரம், அவர்கள் கொட்டும் வசை, அவர்கள் போடும் புகார் எல்லாம் இதில் அடங்கும்.

கற்றுத்தருபவருக்கு என்ன செலவு? உங்கள் நேரமும் பொறுமையும் அளவுக்கு உட்பட்டவை. இரண்டாவது வாரமே நீங்கள் சலித்துக் கைவிட்டால், எவ்வளவு நல்ல முறையும் பயன்படாது.

## வழி 1: பாட் ஆட்டங்கள்

கணினி ஓட்டும் ஹீரோக்களுக்கு எதிராக ஆடுவது. செயலற்றது, எளிது, நடுத்தரம், கடினம், நியாயமற்றது என ஐந்து படிகள் இருக்கின்றன. தனியாகவும் ஆடலாம், நண்பர்களோடு ஒரே அணியாகவும் ஆடலாம்.

இதன் பெரிய பலம் அமைதி. யாரும் திட்டமாட்டார்கள். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளையும் நிதானமாகப் படிக்கலாம். க்ரீப்பின் உயிரைப் பறிக்கும் கடைசி அடி நம்முடையதாக இருந்தால்தான் தங்கம் வரும் என்பது கைக்குப் பழக வேண்டிய விஷயம். 30 நொடிக்கு ஒருமுறை க்ரீப் அலை வருவது, டவரின் (லேனைக் காக்கும் கோபுரத்தின்) அடி எவ்வளவு வலிக்கும் என்பது, பாதி உயிருக்குக் கீழே போன நம் க்ரீப்பை நாமே அடித்து எதிரிக்குப் போகும் பலனைக் குறைக்கலாம் என்பது ஆகியவையும் அப்படித்தான். இவற்றைப் பழகப் பாட் ஆட்டம் போதும். முடிவும் முழுக்க அவர் கையில்தான் இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு வேறு விதமானது. பாட்கள் மனிதரைப் போல ஆடுவதில்லை. நாம் அருகே போன கணமே தாமதமில்லாமல் திறனை எறிந்துவிடும். ஆனால் மரங்களுக்குப் பின்னால் ஒளிந்து காத்திருந்து, மூன்று பேராகச் சேர்ந்து பொறி வைத்துப் பிடிப்பது அவற்றுக்குச் சரியாக வராது. இதனால் புதியவருக்குத் தவறான துணிச்சல் வளர்கிறது. எதிரிகள் ஐவரும் வரைபடத்தில் தென்படாத நேரத்தில் டவர் தாண்டி முன்னே போவது மனிதரோடு ஆடும்போது தற்கொலை. பாட் ஆட்டத்தில் அதற்குத் தண்டனை கிடைப்பது அரிது. இப்படிப் பழகிய கால்கள் பிறகும் முன்னே போய்க்கொண்டே இருக்கும்.

அதனால் பாட் ஆட்டத்துக்கு ஒரு முடிவுப்புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டங்களின் எண்ணிக்கையை வைத்து வேண்டாம். தன் ஹீரோவின் திறன்களைக் கீழே குனிந்து பார்க்காமலே பயன்படுத்துகிறாரா, வழிகாட்டியின் உதவியோடு கடையில் வேண்டிய பொருளைக் கண்டெடுக்கிறாரா, டெலிபோர்ட் சுருள் கையில் இருப்பது அவருக்கு நினைவிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் ஆம் என்றால் வெளியே வந்துவிடலாம். எளிய படியில் நூறு வெற்றி பெறும்வரை அங்கேயே வைத்திருப்பது கருணை போலத் தெரியும். உண்மையில் அது அவரைப் பின்னுக்கு இழுக்கிறது.

ஹீரோ டெமோவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிடித்த ஹீரோவை எடுத்து, வேண்டிய தங்கம் போட்டு, நிலையை உயர்த்தி, எதிரே ஒரு பொம்மை எதிரியை நிறுத்தித் திறன்களை எறிந்து பார்க்கும் இடம் அது. புதிய ஹீரோ எடுக்கும் முன் பத்து நிமிடம் அங்கே செலவிடச் சொல்லுங்கள்.

## வழி 2: நம் பார்ட்டியில் சேர்த்துக்கொண்டு பொது ஆட்டம்

இதை ஏன் எல்லோரும் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. சேர்ந்து ஆடத்தானே அவரை அழைத்தோம். நாமும் ஆடலாம், அவரும் கற்பார், குரல் அரட்டையில் சிரிக்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் குறையே தெரியாது.

குறை ஆட்டம் பொருத்தப்படும் விதத்திலேயே இருக்கிறது. பார்ட்டியில் தேர்ந்தவர் ஒருவர் இருந்தால், எதிரணியையும் அதற்கு ஈடாகவே அமைப்பு தேடும். சராசரி சரியாகத்தான் வரும். ஆனால் லேனில் புதியவரின் எதிரே நிற்பது சராசரி அல்ல, ஆயிரம் மணிநேரம் ஆடிய ஒரு மனிதர். புதியவர் க்ரீப் அருகே போனால் அடி, விலகினால் அனுபவப் புள்ளியே இல்லை. பத்தாவது நிமிடத்தில் எதிரியைவிட மூன்று நான்கு நிலை பின்தங்கி நிற்பார். அதன்பிறகு எந்தச் சண்டையிலும் அவர் எடுக்கும் முடிவால் எதுவும் மாறாது. நல்ல முடிவுக்கும் கெட்ட முடிவுக்கும் ஒரே விளைவு வரும் இடத்தில் யாராலும் கற்க முடியாது.

இரண்டாவது குறை நம்மால் வருவது. நமக்கு வரைபடம் முழுதும் தெரிகிறது, வாய் சும்மா இருக்காது. "பின்னாடி வா, பின்னாடி வா. இப்ப அடி. அல்டி போடு. டவருக்குப் போ." நாற்பது நிமிடமும் இப்படியே ஓடும். புதியவர் சொன்னதைச் செய்கிறார், சில ஆட்டம் வெல்லவும் செய்கிறார். ஆனால் நாம் இல்லாத நாளில் ஆட்டத்தைத் திறந்தால் எங்கே போய் நிற்பது என்றுகூடத் தெரியாது. முடிவு யார் கையில் என்ற அளவுகோலில் இந்த வழி முழுதாகத் தோற்றுப்போகிறது.

மூன்றாவது, அறிமுகமில்லாத மற்ற அணியினர். அவர்கள் இதற்கு ஒப்புக்கொள்ளவே இல்லை. பத்து முறை செத்த ஒருவரை வேண்டுமென்றே சாகிறார் என்று நினைத்துப் புகார் போடுவார்கள். புகார்கள் சேர்ந்தால் நடத்தை மதிப்பெண் இறங்கும். 12,000 வரை போகும் அந்த மதிப்பெண் கீழே போகப் போக, அதே போலத் தாழ்ந்த மதிப்பெண் உள்ளவர்களோடு ஆட்டம் அமையும். ஒரு தவறும் செய்யாத புதியவர், வசைபாடுவோர் நிறைந்த குட்டையில் போய் விழுகிறார். புதிதாக வந்தவர்கள் ஆட்டத்தைவிட்டுப் போவதற்கு ஆட்டத்தின் கடினத்தைவிட இந்த வசைதான் பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்குச் சிலர் காணும் குறுக்கு வழி, தேர்ந்தவர் ஒரு புதுக் கணக்கு தொடங்கிப் புதியவரோடு கீழ்நிலையில் ஆடுவது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஸ்மர்ஃபிங் எனப்படும் இது விதிமீறல். 2023 செப்டம்பரில் ஆட்டத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் 90,000 ஸ்மர்ஃப் கணக்குகளுக்குத் தடை போட்டது. அந்தக் கணக்குகளின் முதன்மைக் கணக்கையும் கண்டறிந்திருப்பதாகவும், இது தொடர்ந்தால் அதன்மீதும் நடவடிக்கை வரலாம் என்றும் அறிவித்தது. தடைக்கு அஞ்சித்தான் தவிர்க்க வேண்டும் என்றில்லை. உங்கள் நண்பரைப் போலவே கற்க வந்த இன்னும் ஐந்து பேர் எதிரணியில் இருக்கிறார்கள். உங்களால் அவர்களுடைய மாலைப்பொழுது பாழாகிறது.

இந்த வழி சரியாகும் நிலைமையும் உண்டு. பாட் கட்டத்தைத் தாண்டி, தானாகச் சில பொது ஆட்டங்களும் ஆடிவிட்டவரோடு சேர்ந்து ஆடலாம். அப்போதும் ரேங்க்டு (தரவரிசைக்கான ஆட்டம்) அல்லாத ஆட்டமாக இருக்கட்டும். ரேங்க்டு ஆட்டத்துக்கு எப்படியும் 100 மணிநேரம் ஆடியிருக்க வேண்டும் என்ற விதி புதியவரைத் தடுத்துவிடும். இன்னொன்று, நீங்கள் சப்போர்ட் (அணியினருக்குத் துணைநிற்கும் ஹீரோ) எடுத்து அவருடைய லேனிலேயே நில்லுங்கள். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள். தாம் மிட் (நடு லேன்) எடுத்துக்கொண்டு புதியவரை ஐந்தாம் இடத்தில், சப்போர்ட்டாகப் போடுகிறார்கள். தங்கம் தேவைப்படாத இடம் எளிது என்று நினைப்பு. எங்கே வார்டு (சுற்றியுள்ள இடத்தைக் காட்டும் பொருள்) வைப்பது, எப்போது லேனைவிட்டு நகர்வது, யாரைக் காப்பாற்றுவது என எல்லாமே வரைபட அறிவைக் கேட்கும் இடம் அது. புதியவரிடம் இல்லாதது அந்த அறிவு ஒன்றுதான்.

## வழி 3: பக்கத்தில் அமர்ந்து பார்ப்பது

புதியவர் தன் கணக்கில், தனியாக, தன் நிலைக்கேற்ற ஆட்டத்தில் ஆடுகிறார். நீங்கள் ஆடுவதில்லை. அருகில் அமர்ந்தோ டிஸ்கார்டில் திரைப்பகிர்வு வழியாகவோ பார்க்கிறீர்கள். ஆட்டத்துக்குள்ளிருந்தே நேரலையாகப் பார்க்கும் வசதி இதற்கு உதவாது. அதில் இரண்டு நிமிடம் தாமதம் இருப்பதால், நீங்கள் பார்க்கும்போது அங்கே காட்சி மாறியிருக்கும். திரைப்பகிர்வில் இன்னொரு நேர்மையும் உண்டு. அவர் பார்ப்பதை மட்டுமே நீங்களும் பார்க்கிறீர்கள்.

அளவுகோல்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். எதிரே நிற்பவர்கள் ஏறத்தாழ அவர் நிலையில் இருப்பவர்கள், ஏனென்றால் ஆட்டம் பொருத்தும்போது உங்கள் கணக்கு அதில் சேரவில்லை. முடிவு அவர் கையில், ஏனென்றால் மவுஸ் அவர் கையில். ஏன் செத்தார் என்பதைச் சொல்ல ஆள் இருக்கிறது. அணியினருக்கு அவர் பாரமாகவும் இருப்பதில்லை, அவர்களும் அதே நிலையில்தான் இருக்கிறார்கள். இத்தனையும் ஒருசேர வேறெந்த வழியிலும் கிடைப்பதில்லை.

நீங்கள் வாயை அடக்குகிறீர்களா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. இல்லையென்றால் இதுவும் இரண்டாம் வழியாகவே ஆகிவிடும். நான் பரிந்துரைக்கும் ஒழுங்கு இது. உயிரோடு இருக்கும்போது பேச வேண்டாம். செத்து, மறுபிறப்புக்குக் காத்திருக்கும் நேரத்தில் மட்டும் பேசலாம். அந்த இடைவெளி இதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. தொடக்கத்தில் சில நொடிகள்தான், நிலை உயர உயர நீளும். எந்த எதிரியின் எந்தத் திறன் எவ்வளவு சேதம் செய்தது, எவ்வளவு நேரம் அசையவிடாமல் வைத்தது என்பதை அப்போது ஆட்டமே காட்டுகிறது. அதைத் திறக்கச் சொல்லிவிட்டு "எது கொன்றது?" என்று மட்டும் கேளுங்கள். பதிலை அவரே சொல்லட்டும்.

"லயன் என்னைத் தவளையாக்கிவிட்டான், அதுக்குள்ள முடிச்சிட்டாங்க" என்பார். "அவன் எங்கிருந்து வந்தான்?" "தெரியல." "மினிமேப்புல கடைசியா எங்க இருந்தான்?" "பார்க்கல." இவ்வளவு போதும். அடுத்தமுறை அவர் கண் தானாகவே மினிமேப்புக்குப் போகும். "மினிமேப்பப் பாரு" என்று நூறு முறை கத்தியும் நடக்காத மாற்றம் இந்த மூன்று கேள்வியில் நடக்கிறது.

ஓர் ஆட்டத்துக்கு ஒரே பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குக் கடைசி அடி என்றால், கடைசி அடியைப் பற்றி மட்டும்தான் பேச்சு. அவர் வார்டு வாங்காமல் விட்டது உங்களுக்கு உறுத்தும், அப்சர்வர் வார்டு இலவசம் வேறு. விடுங்கள், அது இன்னொரு நாளுக்கு. எல்லாக் குறையையும் ஒரே மாலையில் சொல்லிவிடும் ஆசிரியரிடமிருந்து மாணவர் எடுத்துக்கொண்டு போவது "எனக்கு எதுவும் வராது" என்ற எண்ணத்தை மட்டும்தான்.

மறைந்திருக்கும் செலவு உங்கள் நேரம். ஒரு மணிநேரம் ஆடாமல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எல்லோருக்கும் ஒத்துவராது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பின்னால் ஒருவர் பார்க்கிறார் என்றாலே சிலருக்குக் கை ஓடாது. அவர்களுக்கு நேரலை வேண்டாம், ரீப்ளே போதும். ஆட்டம் முடிந்ததும் பதிவை இறக்கிக்கொண்டு, அவர் செத்த இடங்களுக்கு மட்டும் போய், முதலில் அவர் பார்வையிலும் பிறகு எதிரியின் பார்வையிலும் காட்டுங்கள். தான் ஒளிந்து நிற்பதாக நினைத்த இடத்தில் எதிரிக்கு வெட்ட வெளிச்சமாகத் தெரிந்ததைப் பார்ப்பது பெரிய பாடம்.

## வழி 4: புதியவர்களாகவே ஐந்து பேர்

ஒரே நேரத்தில் பலர் தொடங்கினால் கிடைக்கும் வாய்ப்பு இது. யாருக்கும் ஒன்றும் தெரியாது, யாரும் யாரையும் குறைசொல்ல முடியாது. சேர்ந்து தோற்பதிலும் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. ஆசை நிலைப்பதில் இதை மிஞ்ச வேறு வழியே இல்லை.

ஆனால் தவறான நம்பிக்கைகளும் சேர்ந்தே பரவும். ஐவரும் எதிரியைத் துரத்துவதிலேயே மூழ்கி, ஒரு டவரைக்கூட உடைக்காமல் அரைமணி நேரம் ஓட்டுவார்கள். கொன்ற எண்ணிக்கையில் முன்னிலை, ஆட்டத்தில் தோல்வி. காரணம் யாருக்கும் புரியாது. ஐவர் பார்ட்டியாகப் போனால் எதிரிலும் பெரும்பாலும் சேர்ந்து ஆடிப் பழகிய பார்ட்டிதான் வரும் என்பது இன்னொரு தொல்லை.

தேர்ந்தவர் ஒருவர் வாரத்துக்கு ஓர் ஆட்டத்தின் ரீப்ளேயை அவர்களோடு உட்கார்ந்து பார்த்தால் இந்தக் குறை பெரிதும் தீரும். பத்துப் பேர் கிடைத்தால் தனி லாபி அமைத்து, தேர்ந்தவர்களை இரு பக்கமும் சமமாகப் பிரித்து ஆடுவது இன்னும் அருமை. பத்துப் பேரை ஒரே நேரத்தில் உட்கார வைப்பது எவ்வளவு பாடு என்பது முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

## வழி 5: வீடியோவும் வழிகாட்டிகளும்

படித்துவிட்டு ஆடுவதை விரும்பும் மனிதர்கள் உண்டு. அவர்களைத் தடுக்க வேண்டியதில்லை. ஆட்டத்துக்குள்ளேயே ஒவ்வொரு ஹீரோவுக்கும் மற்ற வீரர்கள் எழுதிய வழிகாட்டிகள் இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் எந்தத் திறனை முதலில் உயர்த்துவது, எந்தப் பொருளை எப்போது வாங்குவது என்று கடையிலேயே வரிசையாகத் தெரியும். முதல் நாளிலிருந்தே இதைப் போட்டுவிடுங்கள். கடையின் முன் திகைத்து நிற்கும் நேரம் மிச்சமாகும்.

வீடியோக்களில் தேதி பார்க்கப் பழக்குங்கள். 2023 ஏப்ரலில் வந்த 7.33 புதுப்பிப்பில் வரைபடம் 40 சதவீதம் பெரிதானது. 2024 மே மாதத்தின் 7.36-இல் ஒவ்வொரு ஹீரோவுக்கும் பிறவித் திறன் என்று ஒன்று சேர்ந்தது. பழைய வீடியோவைப் பார்த்து வார்டு வைக்கும் இடம் கற்றவர், இல்லாத மேட்டைத் தேடிக்கொண்டிருப்பார். அடிப்படைக் கருத்துகள் அவ்வளவு மாறுவதில்லை. இடங்கள், பொருள்கள், எண்கள் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும்.

வழிகாட்டியிலும் ஒரு பொறி இருக்கிறது. எதிரணியில் மூன்று பேர் மந்திர சேதம் செய்பவர்கள், மாட்டினால் அசையக்கூட முடியவில்லை. அந்த நேரத்தில் தேவை, மந்திரத்திலிருந்து காக்கும் பிளாக் கிங் பார். பட்டியலில் அடுத்து இருப்பது வேறு பொருள் என்பதால் அதையே வாங்கி, மறுபடி அதே மாதிரி சாவார். முடிவு வழிகாட்டியின் கையில் போய்விட்டது. சில வாரங்கள் கழித்து, "இந்தப் பொருள் இந்த ஆட்டத்துல ஏன்?" என்று கேட்கத் தொடங்குங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | முடிவு யார் கையில் | சாவின் காரணம் புரியுமா | எதிராளி | பிறருக்குச் செலவு | உங்களுக்குச் செலவு |
|---|---|---|---|---|---|
| பாட் ஆட்டம் | முழுக்க அவர் | ஓரளவு | மனிதரைப் போல இல்லை | இல்லை | மிகக் குறைவு |
| நம் பார்ட்டியில் | பெரும்பாலும் நாம் | அரிது | மிகக் கடினம் | அதிகம் | குறைவு, நாமும் ஆடுகிறோம் |
| பக்கத்தில் பார்வையாளர் | அவர், நாம் பேசாதிருந்தால் | நன்றாக | அவர் நிலைக்கு ஏற்ப | குறைவு | அதிகம் |
| புதியவர் ஐவர் | அவர்கள் | அரிது | ஏறுமாறு | குறைவு | வாரம் ஒரு ரீப்ளே |
| வீடியோ, வழிகாட்டி | முதலில் வழிகாட்டி | இல்லை | பொருந்தாது | இல்லை | இல்லை |

## எந்த வழியானாலும் ஹீரோ தேர்வு

மேலே சொன்ன எந்த வழியையும் தவறான ஹீரோ ஒருவர் கெடுத்துவிட முடியும், அதனால் இதைத் தனியாகச் சொல்கிறேன். மூன்று உருண்டைகளைக் கலந்து பத்து மந்திரம் செய்யும் இன்வோக்கரையோ, ஒரு நகல் செத்தால் அத்தனையும் சாகும் மீப்போவையோ புதியவருக்கு யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள். ஆனால் ஸ்னைப்பரைப் பரிந்துரைப்பவர்கள் பலர். தொலைவில் நின்று சுடலாம், எளிது என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்னைப்பர் மெலிந்த உடம்புக்காரன், எதிரி நெருங்கிவிட்டால் தப்பியோட நல்ல வழி இல்லை. எங்கே நிற்பது என்ற அறிவை மட்டுமே நம்பி உயிர்வாழும் ஹீரோ அவன். அந்த அறிவு புதியவருக்குக் கடைசியில்தான் வரும்.

முதல் ஹீரோ பிழையைத் தாங்க வேண்டும். ரெய்த் கிங் செத்தாலும் தன் அல்டி (ஹீரோவின் பெரிய திறன்) தயாராக இருந்தால் அதே இடத்தில் எழுந்து நிற்பான். ஒவ்வொரு பிழைக்கும் இரண்டாவது வாய்ப்பு. டிராகன் நைட்டும் பிரிசில்பேக்கும் எளிதில் சாகாத உடம்புக்காரர்கள். சப்போர்ட் ஆட விரும்பினால் ஓகர் மேஜாய் (Ogre Magi): தடித்த உடம்பு, குறிவைத்துப் போடும் எளிய மந்திரங்கள். அதிகநேரம் உயிரோடு இருப்பவர்தான் அதிகம் பார்க்கிறார், அதிகம் கற்கிறார். இப்படி இரண்டு மூன்று ஹீரோவோடு முதல் மாதத்தை ஓட்டச் சொல்லுங்கள். எதிராளிகள்தான் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிறார்களே, அந்தப் புதுமை போதும்.

அவருக்கு ஒரு ஹீரோவின் உருவமோ கதையோ பிடித்துப்போய், அது கடினமான ஹீரோவாகவே இருந்தால், ஆடட்டும். ஆசையோடு தோற்பவர் திரும்ப வருவார். பிடிக்காத ஹீரோவோடு வெல்பவர் வருவார் என்று சொல்ல முடியாது.

## யாருக்கு எது

உங்களுக்கு நேரம் இருக்கிறது, அவருக்கு உண்மையான ஆர்வம் இருக்கிறது என்றால்: சில பாட் ஆட்டம், உடனே மூன்றாம் வழி. நீங்கள் இல்லாமலேயே அவர் ஆட்டம் தேடத் தொடங்கிய பிறகு பார்ட்டியில் சேருங்கள்.

உங்களுக்கு வாரத்தில் ஒரு மணிநேரம்தான் கிடைக்கிறது என்றால், அந்த நேரத்தைச் சேர்ந்து ஆடுவதில் செலவழிக்க வேண்டாம். வாரம் முழுதும் அவர் தனியாக ஆடட்டும், தனக்குப் புரியாமல் போன ஓர் ஆட்டத்தை அவரே தேர்ந்தெடுத்து வரட்டும். அந்த ரீப்ளேயைச் சேர்ந்து பாருங்கள். நாற்பது நிமிடமும் பார்க்கத் தேவையில்லை, நான்கு சாவு போதும்.

அவருக்கு ஆட்டத்தில் பெரிய நாட்டமில்லை, உங்களோடு நேரம் போக்கவே வந்தார் என்றால், கற்பிப்பதையே விடுங்கள். சேர்ந்து பாட்களோடு ஆடுங்கள், இல்லையென்றால் டர்போ ஆடுங்கள். டர்போவில் தங்கமும் அனுபவமும் வேகமாகச் சேரும், டவர்கள் சீக்கிரம் விழும், ஆட்டமும் விரைவில் முடியும். லேனில் பொறுமையாக நின்று ஆடுவதை அது கற்றுத்தராது. ஆனால் திறன்களை எறிந்து சண்டை போடும் மகிழ்ச்சி முழுதாகக் கிடைக்கும்.

வேறொரு குழு ஆட்டத்திலிருந்து, உதாரணமாக லீக் ஆஃப் லெஜெண்ட்ஸிலிருந்து வருபவர் என்றால் பாட் கட்டத்தைப் பெரும்பாலும் தாண்டிவிடலாம். லேன், கடைசி அடி, டவர் எல்லாம் அவருக்குத் தெரியும். பழைய ஆட்டத்தில் இல்லாதவற்றை மட்டும் ஒரு மாலையில் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்: நம் க்ரீப்பை நாமே அடித்து மறுப்பது, செத்தால் தங்கம் குறைவது, தங்கம் கொடுத்து உடனே உயிர்த்தெழுவது, உடனே திரும்பாமல் சுழன்று திரும்பும் உடம்பு. கடைசியாகச் சொன்னதுதான் அவரை அதிகம் எரிச்சலூட்டும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வசை தாங்காத மென்மையான மனம் உள்ளவர் என்றால், முதல் பொது ஆட்டத்துக்கு முன்பே அமைப்புகளுக்குள் போய், நண்பர் அல்லாதவர்களின் குரலையும் அரட்டையையும் முடக்கிவிடுங்கள். வரைபடக் குறிகள் தெரிந்தால் போதும், அந்த நிலையில் ஆட்டத்துக்குத் தேவையான செய்தி அவற்றிலேயே வந்துவிடும். எப்போது திறந்துகொள்வது என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.